பேரனுக்கு சி.பி. எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

வில்லிவாக்கம் தாத்தா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் எழுதுவதையெல்லாம் ஒரு வருடமாகப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இன்றுதான் முதல் தடவை. போனில் ஒற்றை விரலால் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேரனுக்கு வருகிற ஆடியில் ஐந்து வயது முடிகிறது. ஏழாம் மாதமே பிறந்துவிட்டான், ஒன்றேகால் கிலோ. பத்து மாதமாகியும் தலை நிற்கவில்லை என்று காட்டியபோது சி.பி. என்றார்கள். செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் கைகால் தசைகள் சொன்னபடி கேட்காமல் போவது. இரண்டு காலும் விறைத்துக்கொண்டு கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். வலது கையைவிட இடது கை கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கும். வாய்ப் பேச்சு இல்லை. ஆனால் எல்லாம் புரிகிறது. சாயங்காலம் தெருவில் குல்ஃபி வண்டி மணி கேட்டால் என் சட்டைப் பையைப் பார்ப்பான். இதற்கு மேல் என்ன புரிய வேண்டும்?

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். பகல் முழுக்க அவன் எங்கள் இருவர் பொறுப்பு. பிசியோவுக்குத் தூக்கிக்கொண்டு போவது நான், ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் என் மனைவி.

நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். ஃபர்னிஷிங் பக்கம். இருக்கை, பெர்த் மாட்டுகிற வேலை. ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் முதலில் டிராயிங் எங்கே என்று கேட்டே பழகிவிட்டது. இந்தப் பிள்ளை விஷயத்தில் டிராயிங்கே இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறோம். அதன் பலனைப் போன மாதம் பார்த்தோம்.

என் மனைவி மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, பருப்புச் சாதத்தைக் கரைத்து வாயில் விடுவாள். மூன்று பேரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள், இவனும் அப்படித்தான் சாப்பிட்டு வந்தான். அன்றைக்குப் புரையேறியது. உதடு நீலமாகிவிட்டது. கவிழ்த்துத் தட்டி, ஆட்டோ பிடித்து ஓடினோம். நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு பிசியோ பெண் வந்து, "எப்படிப் படுக்க வைத்து ஊட்டுகிறீர்கள்?" என்று கேட்டது. மனைவி செய்து காட்டினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா அம்மா?" என்றது.

அன்றிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கோ வேறொரு உறுத்தல். இது ஏதாவது ஒரு புத்தகத்தில் இருந்திருக்கும், நான்தான் படிக்காமல் விட்டேன் என்று.

படிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மகள் போனில் மூன்று ஆங்கிலப் புத்தகங்களை இறக்கித் தந்திருந்தாள். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிறது, எழுத்தைப் பெரிதாக்கி மெதுவாகப் படிப்பேன். ஒன்று முழுக்க மூளைப் படம். இன்னொன்றில் ஒரு தாய் முந்நூறு பக்கம் அழுகிறார், கடைசியில் மனம் தேறுகிறார். நல்லதுதான். ஆனால் விறைத்த காலில் ஜட்டியை எப்படி மாட்டினார் என்று ஒரு வரி கிடையாது. மூன்றாவது எனக்கு விளங்கவே இல்லை. இது போதாதென்று கோயிலில் யாரோ என் மனைவியிடம் ஒரு தமிழ்ச் சிறு புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு தைலத்தைத் தேய்த்தால் நூறு நாளில் நடப்பானாம். தைலமும் அவர்களிடமே கிடைக்குமாம்.

எனக்கு வேண்டியது இதுதான். படம் போட்டு, இப்படிப் பிடி, இப்படிப் பிடிக்காதே என்று சொல்கிற ஒரு புத்தகம். என் மனைவி எட்டாவது வரை படித்தவள், அவளுக்குத் தமிழில் ஏதாவது. அப்புறம் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், பத்து வயது. தம்பியைப் பற்றிப் பள்ளியில் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள், வந்து ஒரே அழுகை. பக்கத்து நர்சரி டீச்சர் அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் பயப்படுகிறார். அவர் கையிலும் ஒன்று கொடுத்தால் தேவலை. மொத்தம் இரண்டாயிரம் ரூபாய் வரை செலவழிப்பேன்.

மேற்கு மாம்பலம் அம்மா எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் வீட்டு அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். நானும் என் மகனை இரண்டரை வயது வரை மல்லாத்தித்தான் ஊட்டினேன். எனக்குச் சொல்லித் தந்தது என் மாமியார், அவருக்கு அவருடைய மாமியார். சாதாரணக் குழந்தைக்கு அது ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் இவ்வளவு காலம் ஓடியது. நம் பிள்ளைகளுக்கு விழுங்கும் தசையும் சொன்னபடி கேட்காது. தலை பின்னால் சாய்ந்திருந்தால் மூச்சுக்குழாய் திறந்தே கிடக்கும், சாதம் அதற்குள் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இது அவர் குற்றம் இல்லை.

என் மகனுக்கு இப்போது பத்தொன்பது. பிறந்த வாரம் மஞ்சள் காமாலை ஏறி, அதனால் வந்த சி.பி. உங்கள் பேரனைப் போல விறைப்பு இல்லை, கையும் முகமும் தானாக அசைந்துகொண்டே இருக்கும் வகை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சி.பி. என்று ஒரே பெயர் இருந்தாலும் என் பிள்ளைக்கு எழுதியது உங்கள் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் அது எந்த வகைக் குழந்தையைப் பற்றிச் சொல்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் கேட்ட டிராயிங் புத்தகம் இருக்கிறது. பெயர் 'டிஸேபிள்டு வில்லேஜ் சில்ட்ரன்'. எழுதியவர் டேவிட் வெர்னர், 1987-இல் வந்தது. மெக்சிகோ மலைக் கிராமம் ஒன்றில், ஊனமுற்றவர்களே நடத்திய ஒரு மறுவாழ்வு மையத்தில் கற்றதை வைத்து எழுதினார். அவருக்கே தசை மெலியும் பரம்பரை நோய் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியம். எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது, கழியும் அட்டையும் பழைய டயரும் வைத்து என்னென்ன செய்யலாம் என்று எல்லாம் படமாக இருக்கும். அவர் நம் ஊருக்கு வந்து பார்த்துவிட்டு வரைந்தாரோ என்று தோன்றும். ஊட்டுவதற்குத் தனியாகவே பக்கங்கள் இருக்கின்றன. மல்லாத்தி ஊட்டாதே என்று அதில் இருக்கிறது ஐயா. ஆங்கிலம் எளிமையானது, நீங்கள் மெதுவாகப் படித்தாலே போதும்.

காசு வேண்டாம். ஹெஸ்பேரியன் என்கிற பதிப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. லாபத்துக்கு விற்காமல் நகல் எடுத்துக்கொள்ள அவர்களே அனுமதிக்கிறார்கள். ஆனால் போனில் படிக்காதீர்கள். நான் ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேண்டிய அத்தியாயங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். சி.பி. அத்தியாயம், ஊட்டுதல், உடை மாற்றுதல், கழிப்பறைப் பழக்கம், இருக்கைகள். பதினாறு வருடமாக அது என் சமையலறையில்தான் இருக்கிறது. ஊட்டும் பக்கத்தில் ரசக் கறை, கழிப்பறைப் பக்கத்தில் என்ன கறை என்று கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டு அம்மாவிடம் புத்தகம் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஊட்டும் படங்களை மட்டும் பெரிதாக்கி, பக்கத்தில் தமிழில் எழுதி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுங்கள். நான் எழுதி ஒட்டியது இன்னும் நினைவிருக்கிறது: நிமிர்ந்து உட்கார வை. தாடை கொஞ்சம் கீழே இருக்கட்டும். நீ அவனுக்கு எதிரே, அவன் கண் மட்டத்துக்கு உட்கார். மேலேயிருந்து ஊட்டினால் அவன் அண்ணாந்துவிடுவான். சின்னத் தட்டை ஸ்பூன். நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி வை, உதடு மூடும் வரை பொறு, மேல் பல்லில் தேய்த்து வழிக்காதே. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதே. இன்னொன்று, கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் புரையேறும். எனக்கு இது தெரிய மூன்று வருடம் ஆனது. உங்கள் பிள்ளை ஒரு தடவை ஆஸ்பத்திரி வரை போய்விட்டதால், விழுங்குவதைப் பார்க்கத் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சுவரில் ஒட்டுவது அதற்கு அப்புறம்.

இன்னொரு இலவசக் கையேடும் உண்டு. 'கெட்டிங் டு நோ செரிப்ரல் பால்சி'. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் வெளியிட்டது. பங்களாதேஷில் பெற்றோர் குழுக்களோடு உட்கார்ந்து தயாரித்ததால் பாயும் தரையும் கிணற்றடியும் அதில் இருக்கும், பாத்-டப் இருக்காது. ஆங்கிலப் புத்தகங்களில் எனக்குப் பெரிய எரிச்சலே அந்த பாத்-டப்தான்.

நான்சி ஃபின்னி என்ற தெரபிஸ்ட் 1968-இல் எழுதிய ஒரு பழைய புத்தகமும் உண்டு. சி.பி. குழந்தையை வீட்டில் கையாள்வது பற்றியது. பிசியோக்கள் மதிக்கிற புத்தகம். புதிய பதிப்பு உங்கள் இரண்டாயிரத்துக்குள் வராது என்று நினைக்கிறேன், தெரபிஸ்ட் யாரிடமாவது இருந்தால் வாங்கிப் படியுங்கள்.

தமிழில் சி.பி.க்கு என்று நான் மனதாரக் கையில் கொடுக்கிற புத்தகம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆட்டிசத்துக்கு நிலைமை பரவாயில்லை. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' இருக்கிறது, அவரே எழுதிய 'துலக்கம்' நாவல் இருக்கிறது. உங்கள் பேரனுக்கு ஆட்டிசம் இல்லை. ஆனாலும் முதல் புத்தகத்தை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டலாம். 'ஏன் எங்களுக்கு' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதானே.

பேத்திக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறார்கள், விலையும் குறைவு. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் அவர்கள் கடையில் வாங்கி வந்தது என்னிடம் இருக்கிறது. போலியோ வந்த யாசுவாக்கி என்கிற நண்பனை டோட்டோ மரத்தில் ஏற்றுவாள். முதலில் ஒரு ஏணி, அது சரிவரவில்லை. அப்புறம் இரட்டைக் கால் ஏணி ஒன்றை இழுத்து வருவாள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை வியர்க்கும். கைகால் வளராமல் நின்றுபோன தகாஹாஷி என்கிற பையனும் வருவான். விளையாட்டு விழாவில் எல்லாப் பந்தயத்திலும் அவனே ஜெயிப்பான், ஏனென்றால் தலைமையாசிரியர் பந்தயங்களை அப்படி யோசித்து வைத்திருப்பார். பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கி, கீரை!

புத்தகம் வாங்க என் விதி ஒன்று உண்டு. கடையில் பொருளடக்கத்தைத் திறப்பேன். கக்கூஸ் பற்றி அத்தியாயம் இருக்கிறதா? இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுவேன். நம் நாளில் பாதி அங்கேதான் போகிறது, அதைத் தொடாதவருக்கு நம்மிடம் சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் தைலப் புத்தகத்தை என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிறப்பாசிரியர், அண்ணா நகர் எழுதியது:

சார், மாம்பலம் அம்மா சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. கக்கூஸ் விதியை மட்டும் ஏற்க மாட்டேன். அந்த விதிப்படி பார்த்தால் குழந்தை எப்படிக் கற்கிறது என்று சொல்லும் நல்ல புத்தகங்கள் பாதியும் கழிந்துவிடும்.

வெர்னர் புத்தகம் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஐ.சி.எஃப்.காரர், அதில் இருக்கை படத்தைப் பார்த்ததும் உளியைத் தேடுவீர்கள் என்று தெரியும். செய்யுங்கள். ஆனால் முதலில் உங்கள் பிசியோவிடம் படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். சுவர் மூலை மாதிரி முதுகை இரண்டு பக்கமும் தாங்குகிற கார்னர் சேரா, நடுவில் காலைப் பிரிக்கிற கட்டை வேண்டுமா, நெஞ்சுப் பட்டையா இடுப்புப் பட்டையா என்பதை அவர் சொல்ல வேண்டும். புத்தகத்துக்கு நாற்பது வயது நெருங்குகிறது. அடிப்படை மாறவில்லை, சில பயிற்சிகள் மாறியிருக்கின்றன. பின்னிய காலை எந்தப் படத்தைப் பார்த்தும் பலமாக இழுத்துப் பிரிக்காதீர்கள். இடுப்பையும் முட்டியையும் மடக்கினால் விறைப்பு தானே தளரும். ஜட்டி மாட்டுவதன் ரகசியமும் அதுதான். நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்குகிறோமே, கால் இரண்டும் விரிந்து இருக்கும்படி, அதுவே இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல நிலை. அதை விட்டுவிடாதீர்கள்.

நர்சரி டீச்சருக்கு: பள்ளிப் பாடநூல் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2014-இல் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு போட்டது. 'இன்க்ளூடிங் சில்ட்ரன் வித் ஸ்பெஷல் நீட்ஸ்' என்று பெயர், அவர்கள் தளத்தில் இலவசம். மொழி, கணக்கு, சூழ்நிலையியல் என்று பாடவாரியாக, ஒரே பாடத்தை வேறு வேறு பிள்ளைகளுக்கு எப்படி மாற்றித் தருவது என்று உதாரணங்களோடு சொல்கிறது. அவருடைய வகுப்புக்கு இது கொஞ்சம் மேலேதான், ஆனால் பயம் போக உதவும். உண்மையில் அவர் பயப்படுவது பாடத்துக்காக இருக்காது. பிள்ளை விழுந்துவிட்டால், புரையேறிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். அவரை ஒரு மணி நேரம் வீட்டுக்கு அழைத்து, நீங்கள் தூக்குவதையும் உங்கள் மனைவி ஊட்டுவதையும் காட்டுங்கள். என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இதற்கு இணையான கையேடு பார்க்கவில்லை.

அவனுக்கு ஆறு வயது ஆனதும் இன்னொன்று நினைவில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுவது அவன் உரிமை. பிரிவு 31. பள்ளியில் கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

ஒரு நாள் ஒதுக்கிக் கோட்டூர்புரம் போய் வாருங்கள். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடிக்கலாம். வித்யாசாகர் அங்கே இருக்கிறது, 1985-இலிருந்து சி.பி. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள். பேச்சு வராத பிள்ளைகளை வேறு வழியில் பேச வைப்பதில் நம் ஊரில் அவர்களுக்கு நெடு அனுபவம்.

கொளத்தூர் ஒற்றை விரல் எழுதியது:

தாத்தா, நீங்களும் ஒற்றை விரல், நானும் ஒற்றை விரல். இடது கை ஆள்காட்டி விரல். வயது முப்பத்தொன்று, சி.பி., வீட்டிலிருந்தே பிழைதிருத்தும் வேலை. இந்தப் பதிலை அடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அதனால் சுற்றி வளைக்க மாட்டேன்.

மேலே இருவரும் நல்ல புத்தகங்களைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் எங்களைத் தூக்குவது, ஊட்டுவது, உட்கார வைப்பது பற்றி. எங்களில் ஒருவர் எழுதியது ஒன்றுகூட இல்லை என்று கவனித்தீர்களா? வெர்னருக்கு உடல் குறை இருந்தது சரி, சி.பி. இல்லையே.

மாலினி சிப் எழுதிய 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' படியுங்கள். 2011-இல் வந்தது. மும்பைக்காரர், சி.பி. உள்ளவர், பேச்சு மற்றவர்களுக்குப் புரிவது கடினம். ஒரு சின்ன விரலால் தட்டச்சு செய்து லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார். அவருடைய அம்மா மிது அலூர்தான் 1972-இல் மும்பையில் சி.பி. குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கியவர். சாதனைக் கதையாக அதைப் படிக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் கோபப்படுகிறார் என்று பார்த்துப் படியுங்கள். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க, கூட இருப்பவரிடம் "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிற உலகம் அது. எனக்கு அது நேற்றுகூட நடந்தது, ஒரு டீக்கடையில். சர்க்கரை போடலாமா என்று என் அம்மாவைக் கேட்டார்கள். குடிக்கப் போவது நான்.

இன்னொன்று கிறிஸ்டி பிரவுனின் 'மை லெஃப்ட் ஃபுட்', 1954. டப்ளினில் கொத்தனார் வீட்டுப் பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் ஒரு படை. ஐந்து வயதில் இடது காலால் சாக்பீஸைப் பிடித்து அம்மாவோடு சமையலறைத் தரையில் 'ஏ' எழுதுவார். எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் வேறு. அவருடைய அண்ணன் தம்பிகள் அவரை ஒரு பழைய தள்ளுவண்டியில் போட்டு ஊர் முழுக்க இழுத்துப் போவார்கள். அந்த வண்டி உடைந்த பிறகுதான் தான் மற்றவர்களைப் போல இல்லை என்பதே அவருக்கு உறைக்கும். வண்டி ஓடிய வரை தெரியவில்லை, தாத்தா. இருக்கை செய்கிற உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். என் தாத்தா ஒரு புத்தகமும் படித்ததில்லை. சைக்கிள் பாரில் மாட்டுகிற பிரம்புக் கூடையில் என்னைத் துண்டால் கட்டி வைத்து, எட்டு வயது வரை அயனாவரம் முழுக்கச் சுற்றினார்.

கடைசியாக ஒன்று. "வாய்ப் பேச்சு இல்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சட்டைப் பையைப் பார்க்கிறான் என்கிறீர்கள். அது பேச்சுதான். ஒரு பிளைவுட் பலகையில் நான்கு போட்டோ ஒட்டுங்கள். குல்ஃபி, தண்ணீர், வெளியே, அம்மா. கண்ணால் எதைப் பார்க்கிறானோ அதைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு உடனே செய்யுங்கள். அப்புறம் வேண்டுமானால் 'ஆவாஸ்' மாதிரி செயலிக்குப் போகலாம். நம் சென்னையிலேயே உருவானது, படத்தைத் தொட்டால் பேசும், தமிழும் உண்டு. பலகை மின்சாரம் போனாலும் வேலை செய்யும், அதனால் முதலில் பலகை.

வில்லிவாக்கம் தாத்தா எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும்.

மாம்பலம் அம்மா, பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டாயிற்று. ஸ்பீச் தெரபிஸ்டிடமும் காட்டினோம். கஞ்சிப் பதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொன்னார், தாடையை விரலால் தாங்கிப் பிடிக்கவும் பழக்கினார். என் மனைவி இப்போது முக்காலி போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் ஊட்டுகிறாள். முதல் நான்கு நாள் இருவருக்கும் சண்டை. அவனுக்கு மடிதான் வேண்டும். இப்போது சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறாள், இருவரும் சமாதானம். அவளும் சாப்பிடுகிறாள்.

சிறப்பாசிரியர் அம்மா சொன்னபடி பிசியோவைக் கேட்டுத்தான் உளியை எடுத்தேன். கார்னர் சேர், நடுவில் கட்டை, இடுப்புப் பட்டை. பன்னிரண்டு மில்லி பிளைவுட். முதல் இருக்கை தப்பாகப் போனது. ஆழம் அதிகம், முட்டிக்குப் பின்னால் இடித்தது, பிள்ளை சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்தான். ரயிலில் நாங்கள் செய்தது சராசரிப் பயணிக்கு. இங்கே பயணி ஒரே ஒருவர். பின்புறத்திலிருந்து முட்டி மடிப்பு வரை அளந்து, இரண்டு விரல் கழித்து, மூன்று சென்டிமீட்டர் அறுத்தேன். பாதம் படக் கீழே ஒரு பலகை. இப்போது இருபது நிமிடம் உட்காருகிறான். உட்கார்ந்ததும் அந்த இடது கை தானாக மேசை மேல் வருகிறது, அது நான் எதிர்பார்க்காதது. நர்சரி டீச்சர் வந்து பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்று வகுப்புக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேத்தி டோட்டோ-சானை இரண்டு தடவை முடித்துவிட்டாள். தம்பி ஜெயிக்கிற மாதிரி பாண்டி ஆட்டத்தை எப்படி மாற்றுவது என்று மாடியில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். பரிசுக்கு முள்ளங்கி வாங்கி வரச் சொல்லி உத்தரவு.

தம்பி, பலகை செய்தேன். நான்கு போட்டோ. முதல் நாள் ஒன்றையும் பார்க்கவில்லை, இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் குல்ஃபியைப் பார்த்தான். தெரபிஸ்ட் சொன்னபடி, உருகுவதற்குள் சின்னச் சின்னதாக, நிமிர வைத்துக் கொடுத்தோம். அதுதான் இப்போது பிரச்சினை. காலை ஏழு மணிக்கே குல்ஃபியைப் பார்க்கிறான். வண்டி வருவதோ சாயங்காலம் ஐந்துக்கு. இல்லை என்றால் அழுகை. அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்கிறாள் என் மனைவி. கழற்றலாமா?

கொளத்தூர் ஒற்றை விரல் எழுதியது:

கழற்றாதீர்கள் தாத்தா. கேட்கிற வாயை மூடியதாகிவிடும். பலகையின் ஓரத்தில் ஒரு கடிகாரப் படத்தை ஒட்டி, "கேட்டுச்சுடா, சாயங்காலம்" என்று அதைக் காட்டுங்கள். அழுவான், அழட்டும். ஐந்து மணிக்கு மறக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், ஐந்தாவதாக ஒரு படம் சேருங்கள்: 'வேண்டாம்'. உங்கள் மனைவி முக்காலியோடு வரும்போது அதைத்தான் முதலில் பார்ப்பான் என்று நினைக்கிறேன்.